மருது சரிந்து கிடந்த வளைவு

தைப்பொங்கலுக்கு முந்திய வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேர், காற்றடித்த கயாக் படகுகள் இரண்டோடு மட்டக்களப்பின் மேற்குப் பக்கத்தில் ஓர் ஆற்றில் இறங்கினோம். சனிக்கிழமை கொழும்பிலிருந்து எட்டுப் பேர் வருவதாக இருந்தார்கள். அவர்களை இறக்குவதற்கு முன் நாங்கள் ஒருமுறை தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடிப் பார்க்கவேண்டும். பயணத்தின் காரணம் அவ்வளவுதான். இப்படியொரு தொழிலைத் தொடங்க நினைக்கிறவர்களும், "மட்டக்களப்பில் வேகத்தண்ணீர் இருக்கிறதாமே, எப்படிப் போவது?" என்று எனக்கு எழுதுகிறவர்களும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆற்றின் பெயரையும் இறங்கிய இடத்தையும் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் சத்தியன் ஆறு வருடம் கித்துல்கலை ஆற்றில் ராப்ட் என்னும் காற்று மிதவை ஓட்டும் வழிகாட்டியாக வேலை செய்தவர். ஊருக்குத் திரும்பி வந்தபோது பழைய காற்றுப் படகுகள் இரண்டைக் கொண்டுவந்தார். இரண்டிலும் ஓட்டை. காத்தான்குடியில் வாகன இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடை வைத்திருக்கும் இம்தியாஸ் அவற்றை ஒட்டித் தந்தார். ஒட்டியவர் தானும் ஒருநாள் ஏறிப் பார்த்தார், பிறகு பங்காளியாகிவிட்டார். இப்போது எங்களிடம் ஒன்பது படகுகள். மட்டக்களப்பு வாவியில், உப்புநீரில் வளரும் கண்டல் காட்டு ஓரமாக இரண்டு மணித்தியாலச் சுற்று, ஆளுக்கு 3,500 ரூபாய். முன்பதிவும் தொலைபேசியும் என் வேலை. புளியந்தீவில் எங்கள் வீட்டு முன் அறைதான் அலுவலகம்.

வாவிக்கு ஆட்கள் வருவது சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான். மழை தொடங்கினால் படகுகளைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். அந்த மாதங்களில்தான் மேற்கே குளங்கள் நிரம்பி, மிகுதித் தண்ணீரை வெளியே விட வான் கதவு திறப்பார்கள். கீழே ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடும். மூன்று வருடமாக சத்தியன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வாவி வேனிலுக்கு, ஆறு மாரிக்கு" என்று ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருந்தார்.

என்னைக் கூட்டிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பயந்தவள். முப்பத்தைந்து வயதில்தான் நீந்தப் பழகினேன், இன்றைக்கும் கால் தரை தொடாத இடத்தில் மூச்சு இறுகும். "உன்னால பயப்படாம வர ஏலுமெண்டா யாரையும் கூட்டிப் போகலாம். பயமா இருந்தா அந்த இடத்திலயே சொல்லு, அதுதான் உன்ர வேலை" என்றார் சத்தியன். நானும் தலையாட்டினேன்.

காலை 5.20க்குப் புளியந்தீவிலிருந்து புறப்பட்டோம். பிக்கப் வாடகை ஒரு நாளைக்கு 9,000 ரூபாய், டீசல் தனி. வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது வாவிமேல் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. வவுணதீவு, ஆயித்தியமலை என்று மேற்கே போகப் போக இரண்டு பக்கமும் கதிர் வெளிவரக் காத்திருக்கும் குடலைப் பருவத்து நெல்வயல்கள். தார் ரோட்டு முடிகிற இடம்வரை 34 கிலோமீற்றர், அதற்குமேல் சேற்றுப் பாதையில் 7. அந்த ஏழுக்கு மட்டும் ஐம்பது நிமிடம் எடுத்தது. பாதையில் ஆனை லத்தி கிடந்தது. இம்தியாஸ் இறங்கிப் பார்த்து, "ஆவி பறக்குதுகா" என்று சிரித்தார். நான் கண்ணாடியை உயர்த்திவிட்டேன்.

இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் யோகம் அக்காவின் எருமைப் பட்டி இருக்கிறது. நாற்பத்தைந்து வயதிருக்கும். தயிருக்குப் பால் கொடுக்கிறவர், உழவு இயந்திரமும் அவரே ஓட்டுவார். போன இரண்டு தடவையும் எங்கள் வாகனத்தைப் பார்த்துக்கொண்டவர். அன்றைக்கு எங்களைக் கண்டதும் பால் வாளியோடு எழுந்து வந்தார்.

"நேத்துப் பின்னேரம் பெரிய சத்தமொண்டு கேட்டது தம்பி. மரமொண்டு சரிஞ்சிருக்கு போல, ரெண்டாம் வளைவுப் பக்கம். அதில ரெண்டு மூணு பெரிய மருது ஆத்துப் பக்கமாச் சாஞ்சு நிண்டது."

"நீங்க பாத்தீங்களா அக்கா?" என்று சத்தியன் கேட்டார்.

"எங்க பாக்கிற? அந்தக் கரையில ஆனை நிக்குது. ஒரு மணித்தியாலம் பொறுங்க. பாலக் கறந்து குடுத்திட்டு நான் ஆனைவெடியோட வாறன். எல்லாருமா நடந்து பாத்துப்போட்டு மறுகா இறங்குங்க."

சத்தியன் ஆற்றைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். மத்தியானத்துக்குப் பிறகு வான் கதவை இறக்கி மூடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். தண்ணீர் குறைந்தால் பாறைகள் தலைகாட்டும், சனிக்கிழமைக்கான ஒத்திகையாக அது இருக்காது.

"முந்தநாள் நானே அந்த வளைவு வரைக்கும் நடந்து பாத்தனான் அக்கா. வழி துப்பரவு. மரம் கிடந்தாலும் தூரத்திலயே தெரியும், கரைக்கு எடுத்திருவம்."

யோகம் அக்கா என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க மகள்?"

எனக்குப் பயமாக இருந்தது. சொல்லவேண்டிய இடம் அதுதான், சொல்லத்தான் என்னைக் கூட்டிவந்திருந்தார்கள். ஆனால் பதினாறு வருடக் கலியாண வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் பயம் என்று சொன்னவள் நான். பஸ் வேகமாகப் போனால் பயம், இடி இடித்தால் பயம். இந்த ஒருநாளாவது அந்த மனுசியாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். "அவருக்குத் தெரியும்தானே அக்கா" என்றேன்.

8.10க்கு இறங்கினோம். சத்தியன் ஒற்றைப் படகில் முன்னுக்கு. இம்தியாஸும் நானும் இரட்டைப் படகில் பின்னுக்கு, நான் முன் இருக்கையில். தலைக்கவசம், மிதவை அங்கி, அங்கியின் தோளில் கொழுவிய சிறு கத்தி, விசில். சத்தியனின் படகில், தண்ணீரில் விழுந்தவருக்கு எறிந்து இழுப்பதற்கான எறிகயிற்றுப் பையும் இருந்தது. ஒரு நீள விசில் என்றால் நில், கரைக்கு வா.

முதல் ஒரு கிலோமீற்றர் உண்மையிலேயே அழகு. அதை மறைக்கமாட்டேன். காற்றுப் படகு பாறையில் மோதினால் உடையாது, பந்துபோல விலகிப் போகும். உள்ளே வருகிற தண்ணீர் தளத்து ஓட்டைகள் வழியே தானே வடிந்துவிடும். முதல் சரிவில் முகத்தில் தண்ணீர் அடித்தபோது நான் கத்தினேன். இரண்டாவதில் சிரித்தேன்கூட. "பாத்தீங்களாக்கா, நான் ஒட்டின போட்! ரோட்டில டயர் வெடிச்சாலும் இது வெடிக்காது!" என்று பின்னாலிருந்து இம்தியாஸ் கத்தினார்.

முதலாம் வளைவு தாண்டியதும் ஆறு ஒடுங்கியது. இரண்டு கரையிலும் மரங்கள் நெருங்கி வெளிச்சம் குறைந்தது. தண்ணீரின் சத்தம் மாறியது. பாறையில் அடிக்கிற தண்ணீர் உடைந்து உடைந்து சத்தம் போடும். இது அப்படியில்லை, எதற்குள்ளோ உறிஞ்சப்படுகிற மாதிரி ஒரே சீரான இரைச்சல். இம்தியாஸ் துடுப்பைத் தூக்கிக் காது கொடுத்தார்.

அப்போது ஒரு நீள விசில் கேட்டது.

முப்பது மீற்றர் முன்னால், இடக்கரையில் வேரோடு பெயர்ந்த மருதமரம் ஆற்றின் முக்கால்வாசியை மறித்துக் கிடந்தது. கொப்பும் இலையும் நடு ஆற்றுக்குள். வளைவு அதை முழுதாக மறைத்திருந்தது. தூரத்திலிருந்து தெரியவேயில்லை. சத்தியன் பின்னோக்கித் துடுப்புப் போட்டார். இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு. படகு பக்கவாட்டில் திரும்பி மரத்தில் போய் ஒட்டியது. தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பு அமிழ்ந்தது. அடுத்த நொடி, ஒரு துணியைக் கொடியில் போட்டதுபோலப் படகு தண்டைச் சுற்றி மடிந்தது. அவரைக் காணவில்லை.

"இடக்கை! இடக்கை அக்கா! இழுங்க!" இம்தியாஸ் கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது. என் கைகள் இழுத்தன. எப்படி என்று எனக்கு நினைவில்லை. மரத்துக்குப் பன்னிரண்டு மீற்றர் மேலே ஒரு சிறிய சுழிப்பில் படகு மணலில் ஏறியது. அது ஆனை நிற்பதாகச் சொன்ன கரை.

மணலில் காலை வைத்ததும் சத்தியனைக் கண்டேன். கொப்புகளுக்குள் சிவப்புத் தலைக்கவசம். ஒரு கொப்பைக் கட்டிப்பிடித்திருந்தார், தண்ணீர் அவர் முதுகில் ஏறித் தலைக்கு மேலால் போனது. வாயும் நாடியும் மட்டும் வெளியே வந்து வந்து மறைந்தன. எறிகயிற்றுப் பை திறந்து, கயிறு அவர் தொடையிலும் மடிந்த படகிலும் சுற்றியிருந்தது. ஆறு அவரைக் கீழே இழுத்தது, படகு விடவில்லை.

இம்தியாஸ் தண்டில் ஏறினார். தொண்ணூறு கிலோ ஆள். இரண்டு அடி வைத்ததும் தண்டு அமிழ்ந்து சத்தியனின் முகம் தண்ணீருக்குள் போனது. உடனே பின்வாங்கிவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் நாற்பத்தெட்டுக் கிலோ.

"நான் பிடிக்கிறன் அக்கா. விடமாட்டன். வல்லாஹி விடமாட்டன்" என்று எங்கள் படகிலிருந்த கயிற்றை என் அங்கியின் முதுகு வளையத்தில் கொழுவினார். மறுமுனையை ஒரு வேரில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

தண்டில் வயிறு படப் படுத்து ஊர்ந்தேன். பட்டை வழுக்கியது. கீழே தண்ணீர் போகிற வேகம் முழங்கால்வரை அதிர்ந்தது. பின்னால் கரையில், பற்றைக்குள், தடித்த கொப்பு ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதிலேயே உறைந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் துணிவு வரவில்லை. கடைசிவரை வரவில்லை. அழுதுகொண்டேதான் ஊர்ந்தேன்.

"கிட்ட வராத" என்றார் சத்தியன். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு, "வலக்கால்... கயிறு."

கத்தியைக் கழற்றித் தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டேன். கன்னம் தண்ணீரில் பட்டது. விரலால் தடவித் தடவித் தேடினேன். அவர் தொடை, படகின் பட்டி, பிறகு கம்பிபோல இறுகிய கயிறு. அறுத்தால் மரத்துக்கு அடியால் போவார். அங்கே இன்னும் எத்தனை கொப்பு என்று யாருக்கும் தெரியாது. அறுக்காவிட்டால் இன்னும் சில நிமிடம்தான்.

"அறு" என்றார்.

அறுத்தேன். சிவப்புத் தலைக்கவசம் கொப்புகளுக்குக் கீழே போய் மறைந்தது.

நான் எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது, எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தில் ஒன்றுமில்லை. எட்டில் இலைகள் மட்டும் மிதந்து வந்தன. பதினொன்றில், மரத்துக்குக் கீழே இருபது மீற்றரில், முதலில் ஒரு கை வந்தது, பிறகு தலைக்கவசம். மல்லாந்து மிதந்து இடக்கரை மணல் திட்டில் போய்ச் சாய்ந்தார். கை அசைந்தது.

இம்தியாஸ் என்னைக் கயிற்றோடு கரைக்கு இழுத்தார். சத்தியனை நோக்கி ஓட எழுந்தபோது பற்றைக்குள்ளிருந்து ஆனை உறுமியது. பாய்வதற்கு முந்தைய அந்த அடித்தொண்டைச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். இலைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது, பதினைந்து மீற்றர்கூட இருக்காது. இம்தியாஸ் என் கையை இறுகப் பிடித்தபடி வாய்க்குள் ஓதினார்.

வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. பிறகு இன்னொன்று. பற்றை சரசரவென்று விலகி, அந்தச் சாம்பல் நிறம் மேட்டுப் பக்கமாகப் போய் மறைந்தது. புகைக்குள்ளிருந்து யோகம் அக்கா வந்தார். ஒரு கையில் ஆனைவெடி, மறு கையில் காட்டுக்கத்தி. "மனசு கேக்கல்ல. கறந்தது பாதி, கறக்காதது பாதி, விட்டுப்போட்டு வாறன்" என்றார். பிறகு சத்தியனைக் கண்டார். "உசிர் இரிக்கா?"

"இரிக்கி" என்றார் இம்தியாஸ்.

சத்தியனுக்குத் தோளின் காறை எலும்பு உடைந்திருந்தது. உதடு நீலம். யோகம் அக்கா தன் சால்வையால் கையை நெஞ்சோடு கட்டினார். பட்டிவரை நடத்திவந்தோம்; பிக்கப்பின் குலுக்கலைத் தாங்கமாட்டார் என்று யோகம் அக்காவின் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டு ஏழு கிலோமீற்றர், பிறகு பின்னால் வந்த பிக்கப். 12.40க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அன்று பின்னேரம் கட்டிலில் சாய்ந்திருந்த சத்தியன் சொன்ன முதல் விசயம் இது: "மரத்த வெட்டி எடுத்தாச் சரி. சனிக்கிழமை இம்தியாஸ் முன்னுக்குப் போகட்டும்."

"இல்ல" என்றேன்.

"எட்டுப் பேர் வாறாங்க. இத விட்டா இந்த மாரியும் போயிரும்."

"யோகம் அக்கா கேக்கக்குள்ள எனக்குப் பயமா இருந்தது. சொல்லல்ல. சொல்லுறதுக்குத்தான் என்னக் கூட்டிப் போனீங்க, நான் சொல்லல்ல. நீங்க செத்திருந்தா அது என்ர வாயால."

"எனக்கும் பயம் பிடிச்சது" என்றார் சத்தியன். "மரம் எண்டு அவ சொன்ன உடன. ஆனா அந்த எட்டுப் பேர்தான் மனசில நிண்டாங்க." பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் கொழும்புக்காரரை அழைத்தேன். மழை, வாகனப் பழுது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நடந்ததைச் சொன்னேன். குழுவை ஒழுங்குசெய்தவர் விடுமுறையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சத்தம் போட்டார், மூன்று பேர் வரவில்லை. ஐந்து பேர் வந்தார்கள். இம்தியாஸ் அவர்களை வாவியில் கூட்டிப்போனார். அதில் ஒரு பெண் திரும்பும்போது என்னிடம், "உண்மையைச் சொன்னதால்தான் வந்தோம்" என்றார்.

நாங்கள் ஆற்றைக் கைவிடவில்லை. அதைத்தான் பலர் கேட்கிறார்கள். மரத்தை வெட்ட நாலு பேருக்கு இரண்டு நாள் எடுத்தது. யோகம் அக்கா இப்போது எங்களோடு வேலை செய்கிறார். அவர் வெடியோடு கரை முழுவதும் நடந்து பார்த்து, திரும்பி வந்து தன் வாயால் சரி என்று சொல்லும்வரை படகுகளுக்குக் காற்றே அடிப்பதில்லை. இந்தப் பருவத்தில் ஆறு நாட்கள் திட்டமிட்டோம். இரண்டு நாட்கள்தான் இறங்கினோம், மொத்தம் ஒன்பது விருந்தினர். அந்த இரண்டு நாளும் நான் இரண்டாம் வளைவில் கயிற்றோடு நின்றேன். வெட்டிய மருதின் அடிக்கட்டை இன்னும் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு தலைக்கவசமும் என்னைத் தாண்டும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. பழகிவிடும் என்று சத்தியன் சொல்கிறார். பழகக்கூடாது என்று நினைக்கிறேன்.

வர நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். ஆறு ஓடுவது பெரும்பாலும் மார்கழி கடைசியிலிருந்து மாசி நடுப்பகுதிவரை, அதுவும் வான் கதவு திறந்தால் மட்டும். அன்றன்று காலையில் நீர்ப்பாசனக்காரரிடம் கேட்காமல் திகதி சொல்ல முடியாது, ஆகவே கைவசம் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு வாருங்கள். ஆளுக்கு 8,500 ரூபாய், வாகனமும் சாப்பாடும் உட்பட. ஒரு தடவைக்கு ஐந்து பேர், அதற்குமேல் எடுப்பதில்லை. கால் மூடிய சப்பாத்து கட்டாயம். ஆறு வாவியோடு சேரும் தாழ்ந்த பகுதியில் முதலை உண்டு, அதனால் 6 கிலோமீற்றரிலேயே கரையேறிவிடுவோம்.

தொழில் தொடங்குகிறவர்களுக்கு: படகு வாங்க முன் கரையில் நடக்கத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரைத் தேடுங்கள். எறிகயிற்றுப் பையை வாய் கட்டாமல் படகில் வைக்காதீர்கள். எல்லோருடைய அங்கியிலும் கத்தி இருக்கட்டும். கூட்டத்தில் அதிகம் பயப்படுகிறவரிடம் கடைசியாக ஒருமுறை கேளுங்கள், தனியாக, மற்றவர்கள் சிரிக்காத இடத்தில்.

பதிவு செய்தவர்களை முதல்நாள் இரவும் புறப்படும் அன்று காலை ஆறு மணிக்கும் அழைப்போம். காலை அழைப்பில் "இன்றைக்கு இல்லை" என்று சொன்னால் காரணம் கேளுங்கள், சொல்வோம். ஆனால் கெஞ்சாதீர்கள். நீங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தீர்கள், எத்தனை நாள் லீவு எடுத்தீர்கள் என்பதெல்லாம் எனக்குக் கேட்கும், மனதுக்குக் கஷ்டமாகவும் இருக்கும். தொலைபேசியின் அந்தப் பக்கம் பேசுவது நான்தான். பதில் மாறாது.